டமாக்சிஃபென் சாப்பிடும்போது எஸ்ட்ரடையால் ஏறுவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 43. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்து, தினமும் டமாக்சிஃபென் 20 மி.கி. சாப்பிடுகிறேன். மாதவிடாய் நின்று எட்டு மாதமாகிறது. ஆனாலும் ரத்தப் பரிசோதனையில் எஸ்ட்ரடையால் அதிகமாக இருக்கிறது. மாத்திரை வேலை செய்யவில்லையா? லெட்ரோசோலுக்கு மாறலாமா?

பதில்: அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எஸ்ட்ரடையால் என்பது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் முக்கிய வகை. டமாக்சிஃபென் ஈஸ்ட்ரோஜன் சுரப்பைக் குறைக்கும் மருந்து அல்ல. மார்பகச் செல்லில் ஈஸ்ட்ரோஜன் ஒட்டவேண்டிய ஏற்பியில் அது முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் ஓடினாலும், 'வளர்' என்ற கட்டளை செல்லுக்குப் போய்ச் சேராது.

இதே தடுப்பு மூளையிலும் நடக்கிறது. ஈஸ்ட்ரோஜன் போதவில்லை என்று மூளை எடுத்துக்கொண்டு சினைப்பையைத் தூண்டுகிறது. சினைப்பைக்குத் தெம்பு இருந்தால், வழக்கத்தைவிடச் சில மடங்கு அதிகமாகவே சுரக்கும். உங்கள் எண் உயர்ந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். இது மட்டுமே மருந்து தோற்றதற்கு அடையாளம் ஆகாது.

ஆனால் அந்த எண் இன்னொன்றைச் சொல்கிறது: மாதவிடாய் நின்றிருந்தாலும் உங்கள் சினைப்பை ஓய்ந்துவிடவில்லை. ஆகவே கருத்தரிக்க வாய்ப்பு உண்டு. டமாக்சிஃபென் கருவைப் பாதிக்கும் என்பதால் ஆணுறை அல்லது காப்பர்-டி அவசியம். ஹார்மோன் கருத்தடை மாத்திரை கூடாது.

லெட்ரோசோல் விஷயத்தில்தான் பலர் தவறுகிறார்கள். அது ஈஸ்ட்ரோஜனை உருவாக்கும் அரோமட்டேஸ் நொதியை முடக்கும். மாதவிடாய் முற்றுப்பெற்றவர்களுக்குக் கொழுப்புத் திசு போன்ற இடங்களில்தான் ஈஸ்ட்ரோஜன் உருவாகிறது, அங்கே 2.5 மி.கி. மாத்திரை போதும். உழைக்கும் சினைப்பை உள்ளவர் தனியே இதைச் சாப்பிட்டால், ஈஸ்ட்ரோஜன் அளவு இறங்கியதும் மூளை, சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனை அதிகமாக அனுப்பி, சினைப்பையைக் கிளப்பிவிடும். குழந்தையின்மை சிகிச்சையில் கருமுட்டையை வளர்க்க லெட்ரோசோல் கொடுப்பது இதே காரணத்தால்தான்! எனவே, மாறுவதானால் முதலில் சினைப்பையை அடக்கவேண்டும்: 28 நாளுக்கு ஒருமுறை கோசெரலின் 3.6 மி.கி. ஊசி, அல்லது சினைப்பையை அகற்றும் அறுவை. ஊசித் தேதி தள்ளிப்போனால் சினைப்பை மறுபடி விழித்துக்கொள்ளும்.

ஊசி தொடங்கியபின் எஸ்ட்ரடையாலைக் கண்காணிக்கும்போது, மிகக் குறைந்த அளவையும் துல்லியமாகக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண இம்யூனோஅஸே முறை அங்கே தடுமாறும். லெட்ரோசோலைப் போலவே அரோமட்டேஸை முடக்கும் எக்ஸிமெஸ்டேன் எடுப்பவர்களுக்கு இல்லாத உயர்வைக்கூடக் காட்டும். டமாக்சிஃபென் சாப்பிடும்போது எஃப்.எஸ்.எச். எண்ணை மட்டும் வைத்து மாதவிடாய் முற்றுப்பெற்றதாக முடிவு கட்டவும் முடியாது.

டமாக்சிஃபென் தொடரும்வரை இரண்டு விஷயங்களில் கவனம் வையுங்கள். கருப்பையில் அது ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்துகொள்ளும். நின்றுபோன ரத்தப்போக்கு திரும்பினால், மாதவிடாய்தான் என்று நீங்களே முடிவுசெய்யாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இன்னொன்று, மனச்சோர்வுக்கோ உடல் தகிப்புக்கோ பராக்ஸிடின், ஃப்ளூவாக்ஸிடின், புப்ரோபியான் எடுத்தால் உடனே சொல்லுங்கள். டமாக்சிஃபெனை வீரியமிக்க எண்டாக்ஸிஃபெனாக மாற்றும் கல்லீரல் நொதியை இவை தடுக்கும். வென்லாஃபாக்ஸின் அவ்வளவாகத் தடுக்காது. மருந்தை மாற்றுவதை மருத்துவர் படிப்படியாகச் செய்வார். பராக்ஸிடினைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், படபடப்பு வரும்.