டோஹாவில் 41, மஸ்கெலியாவில் மழை

கேள்வி: அண்ணன் 2010இல் டோஹாவிலிருந்து வந்தபோது கொண்டுவந்த நோக்கியா என்97 போன் இத்தனை வருடமும் டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தது. போன மாதம் சார்ஜ் போட்டேன், எழும்பிவிட்டது. ஆனால் முகப்பில் இருக்கும் காலநிலைப் பெட்டி இன்னமும் டோஹா 41 பாகை என்றே காட்டுகிறது. நாங்கள் இங்கே கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அதை மஸ்கெலியாவுக்கு மாற்ற முடியுமா?
- ஒரு வாசகி, மஸ்கெலியா

பதில்: முதலில் பின்மூடியைக் கழற்றி பெட்டரியைப் பாருங்கள். கொஞ்சமாவது ஊதியிருந்தால் இனிமேல் சார்ஜ் போட வேண்டாம். அப்புறம் கேள்விக்கு வருகிறேன்: முடியாது. அண்ணனிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

போனில் கோளாறு எதுவும் இல்லை. நிறையப் பேர் அந்தக் காலத்திலேயே போன்தான் வெயிலை அளக்கிறது என்று நினைத்தார்கள், எங்கள் லயத்தில் ஒரு தாத்தா வாசலுக்குக் கொண்டுபோய் வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடிப்பார், வெளியே போனால் சரியாகக் காட்டும் என்று. அதற்குள் வெப்பமானியும் கிடையாது, மழைமானியும் கிடையாது. என்97இல் வந்த அக்யூவெதர் விட்ஜெட் செய்ததெல்லாம், எங்கேயோ இருக்கிற சேர்வரிடம் “டோஹாவில் இப்போது எவ்வளவு?” என்று கேட்டு, வந்த பதிலைச் சூரியன் படத்தோடு ஒட்டிவைத்தது மட்டும்தான். கடைசியாக வந்த பதில் 41. அதற்குப் பிறகு அது கேட்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை.

இப்போது கேட்டாலும் பதில் வராது. அந்தப் போனில் ஓடுவது சிம்பியன், அதாவது போனை இயக்கும் அடிப்படை மென்பொருள். சயோன் (Psion) என்ற பிரிட்டிஷ் கம்பனி தன் கையடக்கக் கணினிகளுக்காக எழுதிய ஈபோக் என்ற மென்பொருளிலிருந்து வந்தது. 1998இல் சயோன், நோக்கியா, எரிக்சன், மோட்டரோலா எல்லாம் சேர்ந்து சிம்பியன் கம்பனியை ஆரம்பித்தார்கள். மிகக் குறைந்த நினைவகத்தில், ஒரே நேரத்தில் பல வேலை செய்து, பெட்டரியையும் மிச்சம் பிடிக்கும் கெட்டிக்காரப் பிள்ளை. 2009இல் வந்த உங்கள் போனுக்கு ரேம் 128 எம்பி, இன்றைக்குச் சந்தையில் மலிவான போனில்கூட அதைப்போல் பல மடங்கு இருக்கிறது. 2011 பெப்ரவரியில் நோக்கியா மைக்ரோசொப்ட் பக்கம் சாய்ந்ததோடு சிம்பியனின் கதை முடியத் தொடங்கியது, 2012இல் வந்த 808 பியூர்வியூதான் கடைசி சிம்பியன் போன். 2014 ஜனவரியிலிருந்து அதன் கடையில் புதிய செயலியும் இல்லை, பழைய செயலிக்குத் திருத்தமும் இல்லை.

அதற்குள் மறுபக்கம் பூட்டையே மாற்றிவிட்டார்கள். இன்றைய சேர்வர்கள் கேட்கிற பாதுகாப்பு முறை அந்தப் போனுக்குத் தெரியாது, அதன் கையில் இருக்கும் சான்றிதழ்களும் காலாவதி. போனின் திகதியைப் பின்னுக்குத் தள்ளி வைத்தால் பழைய செயலிகள் சில இன்ஸ்டோல் ஆகும், அந்த வித்தை அப்போதே பிரபலம். ஆனால் இன்ஸ்டோல் ஆனபிறகு பேசுவதற்கு எதிரில் ஆள் வேண்டுமே.

கேள்வி: நானும் சிம்பியன் போன் வைத்திருந்தவன்தான். அப்போது பதுளைக்கு மழை என்று காட்டும், வெளியே பார்த்தால் வெயில் கொளுத்தும். இப்போது புதுப் போன் வாங்கியும் அதே கதை. அப்படியானால் குறை எதில்?
- ஒரு வாசகர், பதுளை

பதில்: மலையில்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போனுக்கு வரும் எதிர்வுகூறலின் அடியில் இருப்பது உலகம் முழுவதையும் சதுரங்களாகப் பிரித்துக் கணக்குப் போடும் கணினி மாதிரிகள். நீங்கள் சிம்பியன் வைத்திருந்த 2009 வாக்கில் அமெரிக்காவின் ஜி.எப்.எஸ். மாதிரியில் ஒரு சதுரத்தின் பக்கம் 30 கிலோமீட்டருக்கும் மேல். நுவரெலியாவிலிருந்து பதுளைக்கு, பஸ்ஸில் வளைந்து வளைந்து வராமல் காகம் பறக்கிற மாதிரி நேராக அளந்தால், தூரம் அவ்வளவுதான். ஒன்று 1,868 மீட்டர் உயரத்தில், மற்றது ஏறத்தாழ 680 மீட்டரில். இரண்டையும் ஒரே சதுரத்தில் போட்டு ஒரு சராசரி மலையை வைத்துக் கணக்குப் பார்த்தால் என்ன வரும்? 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரைப் பாகை குறையும். கொழும்பில் 30 என்றால் நுவரெலியாவில் 18 அளவில் இருக்க வேண்டும். கணினி அந்த இடத்தை 900 மீட்டர் மேடு என்று எடுத்துக்கொண்டால் 24 என்று சொல்லும். அதை நம்பி சுவெட்டர் இல்லாமல் வந்து வசந்தகாலக் கொண்டாட்டத்தில் நடுங்கும் கொழும்புக்காரர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

மழை இதைவிட மோசம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதி, கினிகத்தேனை, வட்டவளை, மஸ்கெலியா என்று கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது காய்ந்த காற்றாகிவிடும். ஜூலை, ஆகஸ்டில் வட்டவளையில் படங்கு கட்டிக்கொண்டு கொழுந்து எடுப்பார்கள், உங்கள் பக்கத்தில் புழுதி பறக்கும். அந்தக் காய்ந்த காற்றால்தான் ஊவாத் தேயிலைக்கு அந்த மாதங்களில் தனி வாசமும் விலையும். டிசம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று வந்தால் எல்லாம் தலைகீழ், பசறை நனையும். நடுவில் நிற்கும் மலை கணினியின் கண்ணுக்கு ஒரு மழுங்கிய மேடு, அதனால் இந்தப் பக்கத்து மழையை அந்தப் பக்கத்துக்கும் கொஞ்சம் தெளித்துவிடுகிறது. இன்றைக்குச் சதுரங்கள் சிறுத்துவிட்டன, உண்மைதான். ஆனாலும் ஏப்ரல், ஒக்டோபர் மாதப் பின்னேர இடிமழை ஒரு தோட்டத்தில் பெய்து பக்கத்துத் தோட்டத்தை விட்டுவிடும், அதைப் பிடிக்கிற அளவுக்கு இன்னும் சிறுக்கவில்லை.

கேள்வி: அப்படியென்றால் பெரிய மழைக்கு எதைப் பார்ப்பது? எங்கள் லயத்துக்கு மேலே செங்குத்தான மண்மேடு இருக்கிறது.
- ஒரு வாசகி, கொஸ்லாந்தை

பதில்: இந்தக் கேள்விக்குப் போனில் இருக்கும் மேகப்படத்தைப் பார்க்கவே வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் மண்சரிந்து என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மண்சரிவு எச்சரிக்கை தருவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறத்தில் அறிவிப்பார்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழித்திருக்க வேண்டும், 100 என்றால் வெளியேற ஆயத்தம், 150 என்றால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால், வீட்டில் இருக்கக் கூடாது. சுவரில் புது வெடிப்பு, திடீரென்று கலங்கிய ஊற்றுநீர், சாய்ந்த மரம் இதில் எதைக் கண்டாலும் மில்லிமீட்டரை எண்ணிக்கொண்டு நிற்காமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

மழையை நீங்களே அளக்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள பால்மா டின் ஒன்றை மரமோ கூரையோ மறைக்காத இடத்தில், தெறிக்காமல் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். பிள்ளையின் அடிமட்டத்தை உள்ளே விட்டுப் பாருங்கள், ஏழரை சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் அதுதான் அந்த 75. அளந்ததும் டின்னைக் காலி செய்து, தினமும் காலை எட்டரைக்கு, வளிமண்டலவியல் திணைக்களம் கணக்கெடுக்கிற அதே நேரத்தில், மறுபடி ஆரம்பியுங்கள்.