அந்தப் பெரிய இலைச் செடி எது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நர்சரியில் பிலோடென்ட்ரான் என்று சொல்லித் தந்தார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் மான்ஸ்டெரா என்கிறார். இலையில் ஓட்டையே விழவில்லை. எது சரி? (மார்த்தாண்டம்)

படத்தைப் பார்த்தால் அண்ணன் பக்கம்தான் நியாயம். இது மான்ஸ்டெரா டெலிசியோசா. நர்சரிக்காரரையும் குறை சொல்வதற்கில்லை. இரண்டுமே சேம்புக் குடும்பம், விற்பனையில் பெயர்கள் கலந்துதான் ஓடுகின்றன.

காம்பு இலையோடு சேருகிற இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். மான்ஸ்டெராவில் அங்கே சுருக்கம் விழுந்த ஒரு முட்டி இருக்கும். வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் இலையைத் திருப்புவது அதுதான். வீடுகளில் வளர்க்கும் பெரிய வெட்டிலைப் பிலோடென்ட்ரான் பிரேசில் பக்கத்துச் செடி. அதில் இந்த முட்டி கிடையாது. இலை ஓரத்திலிருந்து உள்நோக்கி வெட்டுப்பட்டிருக்கும், நடுவில் ஓட்டை விழாது. வளர்ந்த பிறகு தண்டு தானே நிமிர்ந்து நிற்கும். உதிர்ந்த இலைகளின் தழும்பு தண்டில் கண் கண்ணாகத் தெரியும்.

ஓட்டை விழாததற்குக் காரணம், செடி இன்னும் சின்னது. மெக்சிகோவின் தெற்கிலும் மத்திய அமெரிக்காவிலும் காட்டு மரங்களைப் பற்றி ஏறும் கொடி இது. ஏற ஏறத்தான் இலை பெரிதாகும், ஓட்டையும் விழும். ஏற்கெனவே விரிந்த இலையில் ஓட்டை வராது, அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பிளாஸ்டிக் குழாயில் தென்னங்கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, காற்று வேர்கள் நீளும் பக்கமாக நட்டு, தண்டைத் தளர்வாகக் கட்டுங்கள். வேர் வரும் கணுவை ஒட்டிக் கயிற்றை ஈரமாக வைத்தால் போதும். நம் ஊரில் கயிற்றுக்கா பஞ்சம்? கடையில் விற்கும் பாசிக் கம்புக்குக் காசு கொடுக்காதீர்கள். காற்று வேரை அசிங்கம் என்று வெட்டவும் வேண்டாம். கிழக்கு ஜன்னல் ஓரம் நல்ல இடம். நடுப்பகல் வெயில் நேராகப் பட்டால் இலை கருகும்.

தொட்டியில் வைத்த ரப்பர் செடி கீழிலைகளை உதிர்க்கிறது. தோட்டத்து ரப்பர் தை மாசம் உதிர்ப்பதுபோலத்தானே? (குலசேகரம்)

ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருப்பவருக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்புதான். ஆனால் இரண்டும் வேறு வேறு செடி. பால் வெட்டும் மரம் பிரேசிலிலிருந்து வந்தது. ஒரே காம்பின் நுனியில் மூன்று இலை இருக்கும், வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாக உதிர்த்துவிட்டுத் தளிர்க்கும். உங்கள் தொட்டியில் இருப்பது ஆல், அரசு இனம். காம்புக்கு ஒரே இலை, தடித்துப் பளபளவென்று. தளிரைச் சிவப்பு உறை ஒன்று மூடியிருக்கும். சொந்த ஊர் நம் நாட்டின் வடகிழக்குப் பக்கம். மேகாலயாவின் உயிருள்ள வேர்ப் பாலங்கள் இந்த மரத்தின் வேரால் ஆனவைதான்.

இது பசுமை மாறாத மரம். ஒன்றிரண்டு கிழ இலை போனால் கவலையில்லை. மஞ்சளாகி வரிசையாக உதிர்ந்தால் வேரில் தண்ணீர் தேங்குகிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அடித்தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டுங்கள். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு ஊற்றாதீர்கள். வெளிச்சமான நர்சரியிலிருந்து இருட்டு ஹாலுக்கு வந்த செடியும் இப்படி உதிர்க்கும். அதை வெளிச்சத்துக்கு நகர்த்தினால் சரியாகும். இதன் பாலில் காசு கிடைக்காது, தோலில் பட்டால் அரிப்புதான் மிச்சம்.

இலை ஓரமெல்லாம் பழுப்பாகக் காய்கிறது. உரம் போதவில்லையா? (குளச்சல்)

உரத்தை முதலில் நிறுத்துங்கள். கடலோரத்தில் எனக்கு முதல் சந்தேகம் உப்பின் மேல்தான். போர் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள், கரித்தால் அதுவே காரணமாக இருக்கலாம். தென்னைநார்க் கழிவைக் கழுவாமல் தொட்டியில் போட்டிருந்தால் அதிலும் உப்பு உண்டு. இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும். இப்போதைக்கு மழைத் தண்ணீர் பிடித்து, அடித் துளை வழியாக நன்றாக வடியும்படி ஊற்றுங்கள். மண்ணில் சேர்ந்த உப்பு கரைந்து போகும். கடற்காற்று நேராக அடிக்கும் ஜன்னல் என்றால் இலைகளை ஈரத்துணியால் அடிக்கடி துடைக்க வேண்டும். காய்ந்த ஓரம் திரும்பப் பச்சையாகாது. புது இலை சுத்தமாக வந்தால் பிழைத்தது.

யூடியூபில் தினமும் இலைமேல் தண்ணீர் தெளிக்கச் சொல்கிறார்களே? (நாகர்கோவில்)

அது ஹீட்டர் ஓடும் குளிர்நாட்டு வீடுகளுக்குச் சொன்னது. ஆனியாடிச் சாரலும் ஐப்பசி மழையும் பார்க்கிற மாவட்டத்துக்கு எதற்கு? இலைப்புள்ளி நோய்தான் வரும்.

சேம்பு மாதிரி ஆளுயரச் செடி. காலையில் இலை நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது. கிழங்கைச் சமைக்கலாமா? (தக்கலை)

வேண்டாம். நீங்கள் அனுப்பிய படத்தில் இலை நுனி மேலே பார்க்கிறது. சமையல் சேம்பில் நுனி தொங்கும், காம்பும் இலையின் விளிம்பில் சேராமல் சற்று உள்ளே தள்ளிச் சேரும். உங்களுடையது அலோகேசியா. கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் நிறைந்தது. வாயில் வைத்தால் நாக்கும் தொண்டையும் எரிந்து வீங்கும். மான்ஸ்டெராவின் இலைக்கும் தண்டுக்கும் இதே குணம் உண்டு. தவழும் குழந்தை வீட்டில் இருந்தால் இரண்டையும் எட்டாத இடத்தில் வையுங்கள். வெட்டும்போது கையுறை போடுங்கள்.

சொட்டுவது நோயல்ல. இரவில் வேர் உறிஞ்சும் தண்ணீர் ஆவியாகப் போக வழியில்லாமல் இலை நுனி வழியாக வெளியேறுகிறது. தினமும் தரை நனைகிறதென்றால் மாலையில் ஊற்றுவதை விட்டுக் காலையில் ஊற்றிப் பாருங்கள்.