கேரவனும் ஃபெர்ரியும்: ஆகஸ்டில் பிரான்ஸ் போக இப்போது பணம் கட்டலாமா?

மில்டன் கீன்ஸிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்களிடம் காரில் இழுத்துப்போகிற, நான்கு பேர் படுக்கிற கேரவன் இருக்கிறது. ஆகஸ்ட் 14 சனிக்கிழமை போர்ட்ஸ்மத்திலிருந்து ஃபெர்ரியில் கான் நகரை ஒட்டிய விஸ்ட்ரஹாம் துறைமுகம் போய், சான் மாலோ பக்கம் ஒரு கேம்ப்சைட்டில் இரண்டு வாரம் இருந்துவிட்டு 29-ம் தேதி திரும்புவதாகப் போன குளிர்காலத்திலேயே பதிந்துவிட்டோம். பாரிஸ் பக்கத்தில் லா கூர்னவில் இருக்கும் என் தங்கையைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. ஃபெர்ரிக்கு மீதிப் பணத்தை ஜூலை முதல் வாரத்துக்குள் கட்டச் சொல்கிறார்கள். பிரான்ஸ் அம்பர் பட்டியலில் இருக்கிறது. கட்டவா, ரத்து செய்யவா? எனக்கு இரண்டு ஊசியும் ஆகிவிட்டது, மனைவிக்கு இரண்டாவது ஊசி ஜூலையில். பிள்ளைகளுக்கு 13 வயது, 8 வயது."

இதை எழுதுவது 2021 ஜூன் நடுவில். கொரோனாவுக்காக இங்கிலாந்து மற்ற நாடுகளைப் பச்சை, அம்பர், சிவப்பு என்று பிரித்து வைத்திருக்கிறது, அம்பர் நடுவில் இருப்பது. நீங்கள் படிக்கும்போது விதி மாறியிருக்கலாம் என்பதால், விதியைவிட முடிவெடுக்கும் முறையைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

ரத்து செய்யாதீர்கள். ஆனால் இப்போதுள்ள தேதிக்குப் பணமும் கட்டாதீர்கள். முதலில் தேதியை மாற்றுங்கள்.

எல்லோரும் போகிற வழியைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். இந்த வருடம் சிக்கல் திரும்பி வருகிற வழியில் இருக்கிறது. அம்பர் நாட்டிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தால் வீட்டில் பத்து நாள் தனிமை. வந்து இறங்குகிற நாள் கணக்கில் சேராது. அதற்கு மறுநாளிலிருந்து பத்து முழு நாள். 29-ம் தேதி இறங்கினால் செப்டம்பர் 8 வரை வீட்டுக்குள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் செப்டம்பர் முதல் வாரத்தில் திறந்துவிடும். ஐந்தாம் நாள் சொந்தச் செலவில் பரிசோதனை செய்து முன்னாடியே வெளியே வருகிற ஏற்பாடு இருக்கிறது, ஆனாலும் அது செப்டம்பர் 3, முடிவு வர இன்னும் நேரம் ஆகும். ஒன்றரை வருடமாகப் படிப்பு அலைக்கழிந்த பிள்ளைகள் புது வகுப்பின் முதல் நாட்களையும் இழப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே பயணத்தை இரண்டு வாரம் முன்னுக்கு இழுங்கள். ஜூலை 31 சனிக்கிழமை கிளம்பி ஆகஸ்ட் 15 திரும்பினால் தனிமை 25-ம் தேதியோடு முடியும். பள்ளி திறக்க ஒரு வாரம் கையில் இருக்கும். இரண்டு ஊசி போட்டவர்களுக்குத் தனிமையிலிருந்து விலக்கு வரும் என்று பேச்சு அடிபடுகிறது. வந்தால் நல்லது, ஆனால் வராத செய்தியை நம்பிப் பணம் கட்டக்கூடாது.

தேதியை முன்னுக்கு இழுத்தால் மனைவியின் ஊசித் தேதியும் சேர்ந்து இறுகும். பிரான்ஸ் தன் பட்டியலில் ஜூன் 9 முதல் நம்மை ஆரஞ்சு நாடாக வைத்திருக்கிறது. இரண்டாவது ஊசி போட்டு இரண்டு வாரம் ஆனவர்கள் 'நெகட்டிவ்' பரிசோதனைச் சீட்டோடு போகலாம். ஊசி முடியாதவர்கள் தக்க காரணம் காட்ட வேண்டும், அங்கே ஏழு நாள் தனிமையிலும் இருக்க வேண்டும். சுற்றுலா தக்க காரணம் இல்லை. ஜூலை 31-க்குப் போக வேண்டுமென்றால் மனைவியின் இரண்டாவது ஊசி ஜூலை 17-க்குள் முடிந்திருக்க வேண்டும். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஊசி இடைவெளியை 12 வாரத்திலிருந்து 8 வாரமாகக் குறைத்து இப்போதுதான் அறிவித்திருக்கிறார்கள். அவர் அந்த வயதுக்குள் வந்தால் இன்றைக்கே ஊசித் தேதியை முன்னுக்கு மாற்றிக் கேளுங்கள். ஃபெர்ரிக்காரருக்குப் போன் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

இனி பணம். விமானத்துக்கும் ஃபெர்ரிக்கும் இருக்கிற பெரிய வித்தியாசம் பலருக்குத் தெரிவதில்லை. பயணிகள் குறைந்தால் விமானத்தை ரத்து செய்துவிடுவார்கள், பணம் திரும்பி வரும். ஃபெர்ரி அப்படி இல்லை. ஆங்கிலக் கால்வாயைக் கடக்கிற கப்பல்கள் லாரிகளையும் ஏற்றுகின்றன. நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் சரக்கு போயாக வேண்டும், கப்பலும் போகும். கப்பல்காரர் ரத்து செய்தாலோ, 90 நிமிடத்துக்கு மேல் தாமதம் என்றாலோ, மாற்றுப் பயணமா பணமா என்று கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. பணம் கேட்டால் ஏழு நாளில் தர வேண்டும், வவுச்சரை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் கப்பல் நேரத்துக்குக் கிளம்பி, தனிமை விதிக்குப் பயந்து நீங்கள் வீட்டில் இருந்துவிட்டால் அந்த உரிமை கிடையாது. அப்போது உங்களைக் காப்பது டிக்கெட்டின் நிபந்தனை மட்டுமே.

கிரெடிட் கார்டில் கட்டினால் பாதுகாப்பு என்பதும் பாதி உண்மைதான். 1974-ம் வருட நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-வது பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான பொருளுக்கும் சேவைக்கும் கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாக்குகிறது. கம்பெனி மூழ்கினாலோ, சொன்னதைத் தராவிட்டாலோ அது கை கொடுக்கும். நீங்கள் போக முடியாமல் போனதற்குக் கை கொடுக்காது. ஆனாலும் கார்டிலேயே கட்டுங்கள், இந்தக் காலத்தில் கம்பெனி மூழ்குவதும் நடக்கிற காரியம்தான்.

ஃபெர்ரியையும் கேம்ப்சைட்டையும் ஒரே பில்லில் வாங்கியிருந்தால் 2018-ம் வருடத்துப் பேக்கேஜ் விதிகள் உங்களுக்குப் பொருந்தியிருக்கும். நீங்கள் தனித்தனியே பதிந்திருப்பதால் இரண்டுக்கும் தனித்தனியாகப் போராட வேண்டும். ஆகவே ஃபெர்ரிக்காரரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: எந்த நாள் வரை கட்டணமில்லாமல் தேதி மாற்றலாம்? எந்த நாள் வரை பணமாகவே திரும்பப் பெறலாம்? மாற்றினால் கட்டண வித்தியாசம் எவ்வளவு? மூன்றாவதில்தான் ஆட்கள் சறுக்குவார்கள். 'இலவச மாற்றம்' என்று போட்டிருக்கும், ஆனால் ஜூலைக் கடைசி உச்ச சீசன், வித்தியாசத் தொகை கையைக் கடிக்கும். தொகையைக் கேட்டுக்கொண்டு பிறகு முடிவெடுங்கள். கேம்ப்சைட்டுக்கு மின்னஞ்சல் போடுங்கள், பதிலும் எழுத்தில் வரட்டும். குடும்பமாக நடத்துகிற சின்ன சைட்டுகள் முன்பணத்தை அடுத்த வருடத்துக்கு நகர்த்திக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். முன்கூட்டிக் கேட்டால் மனிதர்கள் இளகுவார்கள், கடைசி வாரத்தில் கேட்டால் அவர்களுக்கும் வழியிருக்காது.

காப்பீட்டில் ஒன்றை மட்டும் பாருங்கள். போக்குவரத்து விளக்கு மாதிரியான வண்ணப் பட்டியல் வேறு, வெளியுறவு அலுவலகத்தின் பயண அறிவுரை வேறு. கேனரி தீவுகள் அம்பரில் இருந்தபோதும் அங்கே போக வேண்டாம் என்று அறிவுரை இல்லை. 'அவசியமில்லாமல் போகாதீர்கள்' என்று அறிவுரை இருக்கிற இடத்துக்குப் போனால் பெரும்பாலான பாலிசிகள் செல்லாது. கேரவன் காப்பீடு, மருத்துவக் காப்பீடு இரண்டுக்கும் தனித்தனியே கேட்க வேண்டும். கிளம்புகிற வாரத்தில் அறிவுரை அப்படி இருந்தால் போகக்கூடாது என்பதே என் கருத்து. தங்கையைப் பார்க்க மனசு துடிப்பது புரிகிறது. ஆனாலும் மருத்துவமனைச் செலவுக்குப் பாதுகாப்பில்லாமல் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கடல் கடக்க வேண்டாம்.

கேரவன்காரர்களுக்கென்றே ஒரு கவலை இருக்கிறது. வண்டி ஓட்டுகிறவருக்கு அங்கே கொரோனா வந்துவிட்டால் கேரவனை யார் இழுத்து வருவது? மனைவி ஓட்டுவார் என்றால் அவர் லைசென்ஸைப் பாருங்கள். 1997 ஜனவரி 1-க்குப் பிறகு கார் லைசென்ஸ் எடுத்தவர், கேரவனுக்கான தனித் தேர்வு எழுதாதவர் என்றால், 2021 ஜூன் விதிப்படி காரும் கேரவனும் சேர்ந்து அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடை 3,500 கிலோவைத் தாண்டக்கூடாது. நான்கு பேர் கேரவனும் அதை இழுக்கிற பெரிய காரும் சேர்ந்தால் சுலபமாகத் தாண்டிவிடும். கேரவன் கதவருகே இருக்கிற தகட்டில் ஒரு எண், காரின் தகட்டில் ஒரு எண். இரண்டையும் கூட்டினால் விடை தெரிந்துவிடும். தாண்டினால், ஓட்டுநர் நோயில் விழுந்தால் வண்டியையும் கேரவனையும் வீடு சேர்க்கிற பாலிசியாகப் பாருங்கள். வண்டி பழுதானால் மட்டும் வருகிற பாலிசி இதற்குப் போதாது.

நீங்கள் அங்கே இருக்கும்போது நிறம் மாறினால்? போன வருடம் ஆகஸ்ட் 13 வியாழன் இரவு அறிவித்து, 15 சனிக்கிழமை காலை 4 மணிக்குப் பிரான்ஸைத் தனிமை விலக்குப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். இந்த மாதம் போர்ச்சுகலை ஜூன் 3 அன்று அறிவித்து 8-ம் தேதி காலை 4 மணி முதல் அம்பர் ஆக்கினார்கள். கார் மட்டும் வைத்திருப்பவர் அடுத்த கப்பலில் ஏறிக்கொள்ளலாம். கேரவனோடு இருப்பவருக்கு அது நடக்காது. கப்பலில் உயரமான, நீளமான வண்டிகளுக்கு இடம் குறைவு, அது முதலிலேயே நிரம்பிவிடும். பிள்ளைகளை உட்கார வைத்து இரவெல்லாம் துறைமுகத்துக்கு ஓட்டுவது ஆபத்தும்கூட. அம்பரில் போகிறீர்கள் என்றால் பத்து நாள் தனிமையை ஏற்கெனவே விடுமுறையின் பகுதியாகக் கணக்கில் வைத்துப் போங்கள், அப்புறம் ஓட வேண்டிய அவசியமே வராது. சிவப்பு ஆனால் கதை வேறு. ஹோட்டல் தனிமைக்கு முதல் ஆளுக்கு 1,750 பவுண்டு, மனைவிக்கும் 13 வயதுப் பிள்ளைக்கும் தலைக்கு 650, சின்னவருக்கு 325. மொத்தம் 3,375 பவுண்டு. அதைத் தாங்க முடியாது என்றால், சிவப்பு என்ற பேச்சு செய்தியில் அடிபட ஆரம்பித்ததுமே கிளம்பாமல் இருப்பது என்று இருவரும் இப்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வருவதற்குப் பரிசோதனைச் சீட்டு வேண்டும், கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் எடுத்தது. பிரான்ஸில் பச்சைச் சிலுவை எரிகிற பார்மசிகளிலேயே மூக்கில் குச்சி விட்டு எடுக்கிறார்கள். சீட்டு ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் எதில் இருந்தாலும் செல்லும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், பிறந்த தேதி, மாதிரி எடுத்த நாள், எந்தக் கிட் என்பது எல்லாம் அதில் இருக்க வேண்டும். அங்கேயே நின்று சரிபார்த்து வாங்குங்கள், நம் தமிழ்ப் பெயர்களில் எழுத்துப் பிழை விழுவது சகஜம். 11 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இது வேண்டாம், ஆனால் திரும்பிய பிறகு இரண்டாம் நாள், எட்டாம் நாள் பரிசோதனை ஐந்து வயது முதல் எல்லோருக்கும் உண்டு. பிப்ரவரியில் அந்தப் பொட்டலம் ஆளுக்கு 210 பவுண்டு விற்றது. விலை இறங்கியிருந்தாலும் நான்கால் பெருக்கிப் பாருங்கள். பயணச் செலவில் பலர் சேர்க்க மறக்கிற தொகை இதுதான்.

பாஸ்போர்ட்டையும் இன்றே எடுத்துப் பாருங்கள். ஐரோப்பாவுக்குள் நுழைகிற அன்று அது பத்து வருடத்துக்குள் கொடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும், திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். புதுப்பிக்கப் பத்து வாரம் வரை ஆகலாம் என்று சொல்கிறார்கள். ஜூன் நடுவில் போட்டால் ஆகஸ்ட் கடைசிதான்.

தங்கை விஷயத்துக்கு வருகிறேன். கேரவனை இழுத்துக்கொண்டு பாரிஸ் வட்டச் சாலைக்குள் போகாதீர்கள். நெரிசல் ஒரு பக்கம், வண்டிக்குப் புகைத்தரச் சின்னம் ஒட்ட வேண்டிய வேலை இன்னொரு பக்கம். அவர் வீட்டில் தங்குவதாக இருந்தால், பிரெக்ஸிட்டுக்குப் பிறகு அவர் தன் ஊர் நகரசபையில் 30 யூரோ கட்டி உங்களுக்காக உறுதிப் பத்திரம் எடுக்க வேண்டும். அதைவிட அவரை வரச் சொல்லுங்கள். பாரிஸ் மோன்பர்னாஸிலிருந்து சான் மாலோவுக்கு நேர் ரயில் இருக்கிறது, இரண்டரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். கேரவனுக்கு வெளியே காற்றோட்டத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசலாம், அதுதான் இப்போது பாதுகாப்பும். வரும்போது பாரிஸ் லா சப்பல் தமிழ்க் கடைகளிலிருந்து கறிவேப்பிலை, பச்சை மிளகாய், தயிர் எல்லாம் வாங்கி வரச் சொல்லுங்கள். ஜனவரியிலிருந்து இங்கிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோகத் தடை, காய்கறிக்கும் இலைக்கும் சான்றிதழ் வேண்டும். கேரவன் ஃபிரிட்ஜில் ஆட்டுக்கறிக் குழம்பை உறைய வைத்துக் கொண்டுபோகிற வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இந்த முறை வேண்டாம், துறைமுகத்தில் எடுத்துக் கொட்டிவிடுவார்கள். மீன் குழம்புக்குத் தடையில்லை. ஆனால் கப்பலில் ஆறு மணி நேரம் கேஸும் ஃபிரிட்ஜும் அணைத்திருக்க வேண்டும், கேரவனுக்குள் போகவும் விடமாட்டார்கள். ஐஸ் கட்டி நிறைய வையுங்கள். அந்த ஆறு மணி நேரத்துக்குப் பகல் கப்பலிலும் ஒரு கேபின் எடுத்துக்கொள்வது நல்லது, பொது இருக்கைகளில் கூட்டத்தோடு இருக்க வேண்டாம். இறங்கிய பிறகு கான் நகரிலிருந்து தெற்கே போகிற ஏ84 நெடுஞ்சாலையில் சுங்கம் கிடையாது.

மாற்றுத் திட்டம் கட்டாயம் வேண்டும். அதற்கு ஸ்காட்லாந்துத் தீவுகளை நான் சொல்லமாட்டேன். அங்கே கப்பல்களில் இடைவெளி விதியால் இடம் சுருங்கியிருக்கிறது, கேரவனுக்கு இடம் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். அதே போர்ட்ஸ்மத்திலிருந்து ஐல் ஆஃப் வைட்டுக்கு முக்கால் மணி நேர ஃபெர்ரி இருக்கிறது. எல்லை இல்லை, பரிசோதனை இல்லை, பிள்ளைகளுக்குக் கடற்கரை உண்டு. பெரிய சைட்டுகள் நிரம்பியிருக்கும். இரண்டு பெரிய கேரவன் கிளப்புகளில் ஒன்றில் உறுப்பினராகி, ஐந்து கேரவன் மட்டுமே நிறுத்த அனுமதியுள்ள பண்ணை இடங்களுக்குப் போன் போடுங்கள். பல இடங்களில் முன்பணம்கூடக் கேட்பதில்லை.  சிலவற்றில் கழிவறை வசதி மட்டமாக இருக்கும், கேரவனில் சொந்தக் கழிவறை இருந்தால் பிரச்சினையில்லை.

இரண்டையும் பிடித்து வைத்திருக்கலாம். ஆனால் ஜூலை 24 சனிக்கிழமை இரவு உட்கார்ந்து ஒன்றை முடிவு செய்யுங்கள்: மனைவியின் ஊசி, வெளியுறவு அலுவலக அறிவுரை, பிரான்ஸின் நிறம், மூன்றும் சரியா? சரியென்றால் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வைட் தீவுப் பண்ணைக்காரருக்குப் போன் போட்டு இடத்தை விட்டுவிடுங்கள். முன்பணம் வாங்காமல் உங்களை நம்பி இடம் வைத்திருக்கிறவர் அவர், அந்த இடத்துக்காகக் காத்திருக்கிற குடும்பங்களும் இருக்கும். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் ஃபெர்ரியை அடுத்த வருட ஈஸ்டருக்குத் தள்ளிவிட்டு, தங்கைக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள். ரயில் டிக்கெட்டை அவர் மாற்றவும் நேரம் வேண்டுமே.