கப்பல் வேலை: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

நான் தூத்துக்குடிக்காரன். 19 வருடமாகச் சரக்குக் கப்பல்களில் இன்ஜின் ரூம் வாசம்; இப்போது சீஃப் இன்ஜினியர். லீவில் வந்திருக்கிறேன், அடுத்த கப்பல் ஏற இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதுவரை கேளுங்கள். ஒன்று மட்டும் முதலிலேயே: இது மெர்ச்சன்ட் நேவி. கடற்படை இல்லை, துப்பாக்கி கிடையாது.

பிளஸ் டூ மாணவன், விருதுநகர்: மேத்ஸ் குரூப் படிக்கிறேன். கப்பலுக்குப் போக என்ன கோர்ஸ் சேரலாம்?

தம்பி, கோர்ஸ் பெயர் சொல்வது சுலபம். டெக் பக்கம், அதாவது கப்பலை ஓட்டிச் செல்லும் பக்கம் போக டி.என்.எஸ். என்ற ஒரு வருட டிப்ளமோ, இல்லையென்றால் மூன்று வருட பி.எஸ்சி. நாட்டிக்கல் சயின்ஸ். இன்ஜின் பக்கம் போக நான்கு வருட பி.டெக். மரைன். இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் சேர்த்து 60 சதவீதம் வேண்டும், ஆங்கிலத்தில் 50. இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 2008-ல் தொடங்கிய மத்திய பல்கலைக்கழகம் அது, தலைமையகம் நம் சென்னையிலேயே ஈ.சி.ஆர். பக்கம் இருக்கிறது.

ஆனால் நீ கேட்க வேண்டிய கேள்வி வேறு. படிப்பு முடிந்ததும் முதல் கப்பலில் ஏற்றிவிடுவது யார்? டி.என்.எஸ். முடித்தவன் 18 மாதம் கடலில் கேடட்டாக, அதாவது பயிற்சியாளனாக ஓடினால்தான் டெக் ஆபீசர் ஆவதற்கான செகண்ட் மேட் பரீட்சை எழுத முடியும். அந்த 18 மாதத்துக்குக் கப்பலில் இடம் கிடைக்காமல் வருடக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பையன்களை எனக்குத் தெரியும். அதனால் சேரும்போதே, பயிற்சிக்குக் கப்பலில் இடம் தருகிறோம் என்று ஒரு கப்பல் கம்பெனி கொடுக்கும் ஸ்பான்சர்ஷிப் கடிதம் கையில் இருக்க வேண்டும். 'நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்' என்று சுவரொட்டி ஒட்டியிருந்தால், எந்தக் கம்பெனி, போன வருடம் எத்தனை பேர் ஏறினார்கள் என்று கேள். பதில் வராது.

என் கதையும் அதுதான். மெக்கானிக்கல் முடித்து, கப்பலுக்கான ஒரு வருடப் பயிற்சியும் முடித்து, ஸ்பான்சர் இல்லாமல் 14 மாதம் அலைந்தேன். மும்பையில் ஒரு லாட்ஜில் ஆறு பேர் ஒரே அறையில். காலையில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அந்தேரி, மதியம் பேலாப்பூர். வாட்ச்மேன் ஃபைலை வாங்கி மேஜைக்கு அடியில் போட்டுவிட்டு 'போன் வரும்' என்பார். ஒரு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் வாங்கினார், அம்மாவின் சங்கிலி போன பணம். அதற்கப்புறம் அவர் போன் எடுக்கவே இல்லை.

எனவே இது எல்லோருக்கும்: ஆள் எடுக்கிறவர்களிடம் ஆர்.பி.எஸ்.எல். நம்பர் கேளுங்கள். கப்பலுக்கு ஆள் எடுக்க டி.ஜி. ஷிப்பிங், அதாவது மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகம் கொடுக்கும் உரிம எண் அது. உண்மையா என்று டி.ஜி. ஷிப்பிங் தளத்தில் நீங்களே பாருங்கள். நம்பர் இருந்தாலும் வேலைக்கென்று பணம் கொடுக்காதீர்கள். கடலோடிகளின் வேலை உரிமைகளுக்கான எம்.எல்.சி. 2006 என்ற சர்வதேச ஒப்பந்தத்தை இந்தியா 2015-ல் ஏற்றுக்கொண்டது. அதன்படி வேலை வாங்கித் தரக் கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது.

ஒரு அம்மா, திருச்சி: பையன் பத்தாவது பாஸ். ஜி.பி. ரேட்டிங் படித்தால் நேராகக் கப்பல் என்று ஒருவர் மூன்று லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் அம்மா. ஜி.பி. ரேட்டிங் நிஜமான கோர்ஸ்தான். ஆறு மாதம் படிக்கணும், முடித்தால் டெக்கிலோ இன்ஜினிலோ சிப்பந்தியாக ஏறலாம். ஆனால் 'நேராகக் கப்பல்' என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. கல்லூரி என்றால் டி.ஜி. ஷிப்பிங் அங்கீகாரம் பாருங்கள். ஏஜென்ட் என்றால் மேலே சொன்ன நம்பரைக் கேளுங்கள்.

மெக்கானிக்கல் பட்டதாரி, கோவை: இப்போது வரலாமா?

வரலாம். ஜி.எம்.இ. என்ற பயிற்சி உங்களுக்காகவே இருக்கிறது. வயது வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரிக்கல் படித்தவர்களுக்கு இ.டி.ஓ., அதாவது கப்பலின் மின்சார ஆபீசர் ஆகும் வழி தனியாக உண்டு. ஸ்பான்சர் பற்றி விருதுநகர் தம்பிக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

சம்பளம் எவ்வளவு வரும்?

பயிற்சிக் காலத்தில் மாதம் சில நூறு டாலர் உதவித்தொகை. ஆபீசர் ஆனதும் அது பல மடங்காகும். ஆனால் ஒப்பந்தம் ஓடும் மாதங்களுக்குத்தான் சம்பளம். லீவில் இருக்கும்போது பல கம்பெனிகளில் ஒன்றும் வராது. மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி வீட்டுக் கடன் வாங்கியவர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

கல்லூரி மாணவர், நாகர்கோவில்: டெக்கா, இன்ஜினா? எது நல்லது?

இன்ஜின். கரைக்கு வந்தாலும் கையில் தொழில் இருக்கும். மின் நிலையம், கப்பல் பட்டறை, கப்பலைச் சோதிக்கும் சர்வேயர், கரையிலிருந்து கப்பல்களை மேற்பார்க்கும் சூப்பரின்டென்டன்ட் என்று போய்க்கொண்டே இருக்கலாம்.

ஓய்வு பெற்ற கேப்டன், சென்னை: சீஃப், ஒருதலைப்பட்சமாகச் சொல்லாதீர்கள். டெக்கில் இருந்து வந்தவன் கப்பல்களைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் பைலட் ஆகலாம், ஹார்பர் மாஸ்டர் ஆகலாம். இன்ஜின் ரூமில் நாற்பத்தைந்து டிகிரி சூட்டில் வேகிறதை மட்டும் ஏன் மறைக்கிறீர்கள்?

மறைக்கவில்லை கேப்டன் சார். வேகத்தான் செய்கிறோம். செங்கடலில் கோடையில், காலையில் போட்ட பாய்லர் சூட் என்ற வேலை உடுப்பைச் சாயங்காலம் பிழிந்தால் வாளி நிறையும். ஆனால் ஒரு கதை சொல்கிறேன்.

மலாக்கா நீரிணை, இரவு மூன்று மணி. நான் அப்போது தேர்ட் இன்ஜினியர். ஃபியூயல் ஃபில்டர் அடைத்து ஜெனரேட்டர் நின்றுபோனது. கப்பலில் சத்தம் பழகிவிடும், அமைதிதான் பயம். விளக்கு போய், மெயின் இன்ஜின் இறங்கி, அந்த இருட்டில் எங்கேயோ தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. எமர்ஜென்சி ஜெனரேட்டர் 45 விநாடிக்குள் தானாக எழுந்து கரண்ட் கொடுத்தாக வேண்டும், சோலாஸ் என்ற சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் விதி. நான் மனதுக்குள் எண்ணினேன். இருபத்தெட்டில் விளக்கு வந்தது. ஃபில்டரை மாற்றி ஜெனரேட்டரை மறுபடி ஏற்றும் வரை சட்டை முதுகில் ஒட்டியிருந்தது தெரியவில்லை. இன்ஜின் நின்றால் கேப்டனும் ஒரு பயணிதான் சார்.

அதே கேப்டன்: பயணியா? நீங்கள் கீழே எண்ணிக்கொண்டிருந்தபோது மேலே என்ன நடந்தது என்று தெரியுமா? பின்னால் ஒரு கன்டெய்னர் கப்பல், பக்கத்தில் ஒரு டேங்கர். கப்பல் எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்று காட்ட ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு சிவப்பு விளக்கு ஏற்றி, வி.எச்.எஃப். ரேடியோவில் கத்துவது யார்?

ஏற்றுவது நீங்கள்தான் சார். அந்த இரண்டு விளக்குக்குக் கரண்ட் கொடுத்தது யார்?

அதே கேப்டன்: சரி, இதை விடுவோம். ஆனால் தம்பிக்கு நியாயமாகச் சொல்லுங்கள்.

நியாயமாகவே சொல்கிறேன். தம்பி, உனக்கு ஒரு மோட்டாரைப் பிரித்துப் பார்க்கும் ஆசை உண்டா? அப்படியானால் கீழே வா. எண்ணெய்க் கறை பிடிக்காது, வானமும் வரைபடமும் பிடிக்கும் என்றால் கேப்டன் சார் பக்கம் போ. இரண்டிலும் மேலே போகும்போது சம்பளம் பெரிதாக வித்தியாசப்படாது. டெக்கும் இன்ஜினும் சண்டை போடுவது பல வருடப் பழக்கம், சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்காருவதால் வந்தது.

மாணவர், தஞ்சாவூர்: கண்ணாடி போடுகிறேன். வாய்ப்பு உண்டா?

டெக்குக்குக் கண்ணாடி இல்லாமலே பார்வை சரியாக இருக்க வேண்டும். இன்ஜினில் ஓரளவு பவர் வரை பரவாயில்லை. நிறக்குருடு இருந்தால் இரண்டுமே கிடையாது. பணம் கட்டுவதற்கு முன் டி.ஜி. ஷிப்பிங் அங்கீகரித்த மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் டாலரில் எவ்வளவு?

மேலே இருக்கிறது.

மாணவி, மதுரை: பெண்கள் வரலாமா? வீட்டில் சிரிக்கிறார்கள்.

வரலாம். கேப்டன் ராதிகா மேனன் பெயரை வீட்டில் சொல்லுங்கள். 2015-ல் ஒடிசா கடலில் படகு பழுதாகித் தத்தளித்த ஏழு மீனவர்களைப் புயல் அலைக்கு நடுவே காப்பாற்றினார். அதற்காக 2016-ல் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் வீரதீர விருது கிடைத்தது. அதை வாங்கிய முதல் பெண் அவர். இனி என் அனுபவம்: என் கீழே இரண்டு பெண் பயிற்சி இன்ஜினியர்கள் வேலை பார்த்திருக்கிறார்கள். ஒருத்தி பிஸ்டன் இழுக்கும் வேலையில் எடை தூக்கும் செயின் பிளாக்கை என்னைவிட நிதானமாகப் பிடித்தாள். கஷ்டம் வேலையில் இல்லை. இருபது ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண்ணாக ஆறு மாதம் இருப்பது பெரிய தனிமை. சில கம்பெனிகள் இரண்டு பெண்களைச் சேர்த்தே ஒரே கப்பலுக்கு அனுப்புகின்றன. அப்படி அனுப்புவார்களா என்று நேர்காணலில் தயங்காமல் கேளுங்கள். முகம் சுளித்தால் அந்தக் கம்பெனி வேண்டாம்.

வரி கட்ட வேண்டாம் என்கிறார்களே?

ஒரு நிதியாண்டில் இந்தியாவில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. சி.டி.சி. என்ற கடலோடிப் பதிவுப் புத்தகத்திலும் பாஸ்போர்ட்டிலும் உள்ள தேதிகளை எண்ணி வைத்துக்கொண்டு ஆடிட்டரிடம் போங்கள். நான் ஃபில்டர் மாற்றுகிறவன்.

நேவியில் சேர வயது வரம்பு என்ன?

முதல் பத்தியைப் படியுங்கள்.

ஏஜென்ட் ஐம்பதாயிரம்தான் கேட்கிறார், கம்மிதானே?

இல்லை. நம்பர் கேளுங்கள்.

கடல் நோய் வருமா? சாப்பாடு எப்படி?

முதல் வாரம் வாந்தி வரும், வயிற்றைக் காலியாக வைக்காதீர்கள். எனக்கு இன்றும் பெரிய அலையில் வரும். சாப்பாடு சமையல்காரரைப் பொறுத்தது. இந்தியர்கள் இருக்கும் கப்பலில் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி; கிழமை மறந்தவனுக்கும் அதுதான் நாள்காட்டி. புளியும் ஊறுகாயும் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள்.

சம்பளம்...

தம்பி.

திருச்சி அம்மா, மறுபடியும்: நீங்கள் சொன்ன மாதிரி அந்த நம்பரைக் கேட்டேன். 'ஆபீசில் பார்த்துச் சொல்கிறேன்' என்று வைத்தவர்தான், இப்போது என் போனை எடுப்பதே இல்லை. பையன் கோபத்தில் சாப்பிடாமல் இருக்கிறான்.

நல்லது அம்மா, மூன்று லட்சம் உங்களிடமே இருக்கிறது. பையனிடம் போனைக் கொடுங்கள், இரவு ஒன்பது மணிக்கு மேல் நான் பேசுகிறேன்.