'ஹல்லேலூயா': இரண்டு வடிவங்களும் சரியானவையே

வணக்கம். அமெரிக்கப் பாடகர் ஜெஃப் பக்லி பாடிய 'ஹல்லேலூயா' என்ற ஆங்கிலப் பாடலை மூலப் பாடல் என்று எண்ணிப் பயிற்சி செய்துவந்ததாகவும், கனடியப் பாடகர் லெனார்ட் கோஹனின் பதிவில் பிற்பகுதிச் சரணங்கள் முற்றிலும் வேறாக இருந்ததால் மேடையில் எதைப் பாடுவது என்று குழம்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். உங்களிடம் உள்ள வரிகளில் பிழை இல்லை.

பாடலை எழுதியவர் கோஹன். 1984இல் 'வேரியஸ் பொசிஷன்ஸ்' என்ற தம் பாடல் தொகுப்பில் அது நான்கு சரணங்களுடன் வெளிவந்தது. பின்னர் கச்சேரிகளில் அவரே வேறு சரணங்களைப் பாடத் தொடங்கினார். 1991இல் கோஹனைச் சிறப்பிக்கும் தொகுப்பொன்றுக்காக வேல்ஸ் நாட்டு இசைக்கலைஞர் ஜான் கேல் வரிகளைக் கேட்டபோது, கோஹன் தொலைநகலில் பக்கம் பக்கமாக அனுப்பிவைக்க, கேல் முதற்பதிவின் முதலிரண்டு சரணங்களோடு கச்சேரி வடிவத்தின் மூன்று சரணங்களை இணைத்துப் பியானோவுடன் பாடினார். 1994இல் 'கிரேஸ்' தொகுப்பில் பக்லி பின்பற்றியது இந்த வடிவத்தையே. ('ஷ்ரெக்' படத்தில் ஒலிப்பது கேலின் குரல், அதன் இசைத்தட்டில் இருப்பதோ ரூஃபஸ் வெய்ன்ரைட்டின் குரல்; ஆகவே குழப்பம் உங்களுக்கு மட்டும் உரியதன்று.)

கோஹனின் முதற்பதிவு தோல்வியை ஒப்புக்கொண்டும் துதியில் முடிகிறது. கேலின் வடிவம் காதலின் முறிவில் முடிகிறது. நீங்கள் பாடவிருக்கும் நிகழ்ச்சி மகிழ்ச்சியானது என்பதால் முதற்பதிவின் நான்கு சரணங்களே பொருந்தும் என்பது என் கருத்து. எதைப் பாடினாலும், அறிவிப்பில் பாடலாசிரியராகக் கோஹனின் பெயரையே சொல்லுங்கள்.