ஐஸ் ஹாக்கி தேசிய அணிக்கு ஃபார்வர்டுகளை, அதாவது முன்வரிசைத் தாக்குதல் ஆட்டக்காரர்களை, எப்படித் தேர்வு செய்கிறார்கள்? அதிகக் கோல் அடித்தவர்களையே எடுத்தால் போதாதா?

போதாது. 2006 டுரின் ஒலிம்பிக்கில் கனடா ஏறக்குறைய அப்படித்தான் செய்தது. ஜோ தோர்ன்டன், ஜரோம் இகின்லா, டேனி ஹீட்லி என்று வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லில் புள்ளிகளை (கோலும் கோலுக்கு உதவியதும் சேர்ந்த கணக்கு) குவித்தவர்கள் வரிசையாக இருந்தார்கள். கடைசி நான்கு ஆட்டங்களில் மூன்றில் கனடா ஒரு கோல்கூட போடவில்லை. சுவிட்சர்லாந்து, பின்லாந்து, காலிறுதியில் ரஷ்யா, மூவரிடமும் 2-0 என்று தோற்றது.

முதலில் இடக் கணக்கு. ஒலிம்பிக் அணியில் 25 பேர்; 3 கோல்கீப்பர் போக, வழக்கமாக 14 ஃபார்வர்டு, 8 டிஃபென்ஸ். ஓர் ஆட்டத்தில் களமிறங்கும் ஃபார்வர்டுகள் மூன்று மூன்று பேராக நான்கு லைன் (நடுவில் சென்டர், இருபுறமும் விங்கர்; லைன்கள் மாறி மாறி இறங்கும்), கூடுதலாக ஒருவர். பவர் பிளேயில், அதாவது தண்டனையால் எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரத்தில், இரண்டு குழுக்களையும் சேர்த்து ஏழெட்டு ஃபார்வர்டுகளுக்குத்தான் வேலை. 14 பேரையும் கோல் அடிப்பவர்களாக எடுத்தால், மீதிப் பேர் நாலாவது லைனில் சில நிமிடங்கள் மட்டும் ஆடி, எதிரணியின் சிறந்த லைனை மறிக்க வேண்டிவரும். கிளப்பில் அந்த வேலையை அவர்கள் செய்ததே இருக்காது. அணிகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

அதனால் பெயர்களை எழுதுவதற்கு முன் லைன்களை வரைய வேண்டும், அதுவும் சென்டர்களிலிருந்து. ஃபேஸ்-ஆஃப் எடுப்பவர், அதாவது ஆட்டம் தொடங்க நடுவர் போடும் பக்குக்கு (ரப்பர் வட்டு) எதிராளியோடு மோதுபவர், சென்டர். பக் நம் பக்கம் வந்தால் கோல் முன்னால் வரை இறங்கி டிஃபென்ஸுக்குக் கைகொடுப்பவரும் அவரே. நல்ல சென்டரை விங்கில் ஆடவிடலாம், விங்கரைச் சென்டரில் நிறுத்துவது கடினம். 2014 சோச்சிக்குக் கனடா அணியைத் தேர்ந்தெடுத்த ஸ்டீவ் ஐசர்மனும் பயிற்சியாளர் மைக் பாப்காக்கும் இதை நன்றாகப் பயன்படுத்தினார்கள். பாட்ரிஸ் பெர்ஜரான் தன் கிளப்பில் சென்டர். சோச்சியில் சிட்னி கிராஸ்பிக்கு வலப்பக்கம் ஆடினார். ஜெஃப் கார்டர் ஜொனாதன் டேவ்ஸுக்கு வலப்பக்கம்.

அடுத்தது கைப்பழக்கம். இடது விங்கில் இடக்கை ஆட்டக்காரர் இருந்தால், சுவரை ஒட்டி வரும் பக்கை ஃபோர்ஹேண்டிலேயே (மட்டையைத் திருப்பாமல் இயல்பான பக்கத்தில்) வாங்கி உடனே வெளியேற்றலாம். ஃபேஸ்-ஆஃபிலும் அந்தந்தப் பக்கத்துக்குப் பொருத்தமான கைக்காரரையே பயிற்சியாளர்கள் விரும்புவார்கள். கிராஸ்பியும் டேவ்ஸும் இடக்கை, பெர்ஜரானும் ரையன் கெட்ஸ்லாஃபும் வலக்கை. எந்தப் பக்கம் ஃபேஸ்-ஆஃப் வந்தாலும் ஆள் தயார்.

பிறகு கூட்டணி. ஒலிம்பிக்குக்காக லீக் பாதியில் நிற்கும், சில நாள் பயிற்சிதான் கிடைக்கும். சோச்சி அணியில் கிரிஸ் குனிட்ஸைச் சேர்த்தபோது எழுந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல; பிட்ஸ்பர்க் கிளப்பில் கிராஸ்பியோடு ஆடுவதால்தான் இடம் கிடைத்தது என்றார்கள். காரணம் அதுதான், சரியான காரணமும்கூட. கிராஸ்பி எங்கே திரும்புவார் என்பதை குனிட்ஸுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இறுதி ஆட்டத்துக்கு முன் கிராஸ்பி ஒரு கோலும் போடவில்லை, ஆனாலும் அணி தள்ளாடவில்லை. ஃபார்வர்டுகள் எல்லோரும் பின்னால் ஓடிவந்து தடுத்தார்கள்: ஆறு ஆட்டங்களில் எதிரணிகளுக்குக் கிடைத்தது மொத்தம் மூன்றே கோல். சுவீடனுக்கு எதிரான இறுதியில் 3-0. மூன்றாவது கோல் குனிட்ஸ் போட்டது.

வேகத்தையும் பனித்தளத்தின் அளவோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். என்.எச்.எல். தளத்தின் அகலம் சுமார் 26 மீட்டர், சோச்சியில் 30. அந்த நான்கு மீட்டரில் மெதுவான விங்கர் திரும்பி வருவதற்குள் எதிரணி கோல் முன்னால் நிற்கும்.

கடைசி ஓரிரு இடங்களுக்கு எல்லாம் கொஞ்சம் தெரிந்தவரைவிட, ஒரு வேலையில் கெட்டிக்காரர் மேல். நம் ஆள் பெனால்டியில் வெளியே இருக்கும் நேரத்தில் ஷாட்டுக்குக் குறுக்கே விழுபவர், அல்லது ஷூட்-அவுட்டில் (சமனான ஆட்டத்தை முடிக்க ஒருவர் தனியாகக் கோல்கீப்பரை எதிர்கொள்வது) கை நடுங்காதவர். முதல் மூன்று முயற்சிகளுக்குப் பிறகு ஒரே ஆளையே மறுபடி மறுபடி அனுப்பலாம் என்பது அன்றைய சர்வதேச விதி, என்.எச்.எல்.லில் அது முடியாது. சோச்சிக்கு அமெரிக்கா டி.ஜே. ஓஷியை எடுத்ததில் இந்தக் கணக்கும் இருந்தது. ரஷ்யாவுக்கு எதிரான ஷூட்-அவுட்டில் அவர் ஆறு முறை போனார், நான்கு கோல், ஆட்டம் அமெரிக்காவுக்கு.

மாற்று ஆட்களையும் பொதுப்பட்டியலாக வைக்கக் கூடாது. சென்டர் காயப்பட்டால் யார், வலக்கை விங்கர் காயப்பட்டால் யார் என்று ஒவ்வோர் இடத்துக்கும் பெயர் எழுதி வைக்க வேண்டும். ஸ்டீவன் ஸ்டாம்கோஸின் உடைந்த கால் ஆறாததால் மார்ட்டின் செயின்ட் லூயிஸ் சோச்சி அணிக்குள் வந்தது, போட்டி தொடங்க ஒரு வாரம்கூட இல்லாதபோதுதான்.