ஓடாமல் நிற்கும் ஸ்போர்ட்ஸ் காரின் டயர் ஏன் கெட்டுப்போகிறது?

"வருஷத்துக்கு 2,000 கிலோமீட்டர்கூட ஓடாத காருக்கு எதுக்குப் புது டயர்?" புதுச்சேரியில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியபோது நானும் இப்படித்தான் கேட்டேன். ஒரு லட்சத்துக்கு மேல் செலவு வைத்த கேள்வி அது.

டயரின் வயது என்பது ஓடிய தூரம் இல்லை, தயாரான நாளிலிருந்து கழிந்த காலம். வெயிலும், காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் சேர்ந்து ரப்பரை மெல்ல இறுக வைக்கும். ஸ்போர்ட்ஸ் கார் டயரோ பிடிமானத்துக்காகவே மென்மையான ரப்பரில் செய்யப்படுவது. ரேஷன் கார்டு, பாஸ்புக் எல்லாவற்றையும் ரப்பர் பேண்ட் போட்டு பீரோவில் வைப்போமே, சில வருஷம் கழித்து இழுத்தால் பட்டென்று அறுந்துவிடும். அதை யாரும் ரோட்டில் தேய்க்கவில்லை.

மழை பெய்த ஒரு காலை, ஈசிஆரில் காலாப்பட்டு தாண்டி லேசாகத்தான் பிரேக் மிதித்தேன். வண்டியின் பின்பக்கம் விலகிப் போனது. இறங்கிக் குனிந்து பார்த்தால் டயரின் பக்கவாட்டில் தலைமுடி கனத்துக்கு வெடிப்புகள். பக்கத்திலேயே 1914 என்று நான்கு இலக்கம். முதல் உலகப்போர் வருஷம் இல்லை. 2014-ஆம் வருஷத்தின் 19-வது வாரம் தயாரான டயர் என்று அர்த்தம். வாங்கும்போதே பார்த்திருந்தால் விலையில் கழித்திருப்பேன். நான்தான் சைலன்சர் சத்தத்தைக் கேட்டு மயங்கி நின்றேனே!

ஐந்தாறு வருஷம் ஆகிவிட்டால் வருஷாவருஷம் கடையில் காட்டுங்கள். பத்து வருஷம் ஆனால் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

"பட்டன் அப்படியே இருக்கே" என்று, டயரில் ரோட்டைத் தொடும் மேடுகளைக் காட்டிப் பலர் சொல்வார்கள். பட்டன் காட்டுவது தேய்மானத்தை மட்டும்தான், ரப்பரின் வயதை இல்லை.